ஒரே மீன் விலையை ஆறு இடத்துல ஒட்டுறோம்: ஹெட்லெஸ் சிஎம்எஸ்ஸுக்கு மாறலாமா?

மார்ச் 3, 2025. கேள்வி: தண்டையார்பேட்டை வாசகர்

காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை வட்டாரத்துக்கு மூணு பேரா ஒரு சின்ன செய்தித் தளம் நடத்துறோம். வேர்ட்பிரஸ். அது போக ஆண்ட்ராய்டு ஆப், டெலிகிராம் சேனல், வாட்ஸ்அப் சேனல், மீன் மார்க்கெட் பக்கத்துக் கடையில மாட்டின ஒரு டிவி, ஞாயித்துக்கிழமை நாலு பக்க அச்சுத் தாள். காலையில வர்ற மீன் விலையை ஆறு இடத்துல காப்பி பேஸ்ட் பண்றோம். ஒரு இடத்துல திருத்தினா மத்த அஞ்சுலயும் பழசே நிக்குது. ஸ்ட்ராபிங்கிற ஹெட்லெஸ் சிஎம்எஸ்ஸுக்கு (பதிவை ஒரே இடத்துல வெச்சு, தளம், ஆப் எல்லாத்துக்கும் ஏபிஐ வழியா வெறும் தரவாத் தர்ற மென்பொருள்; ஏபிஐன்னா ஒரு மென்பொருள் இன்னொண்ணுகிட்ட தரவு கேட்கிற வழி) மாறினா எல்லாம் சரியாயிடும்னு சொல்றாங்க. மாறலாமா?

மார்ச் 3, இரவு 9.40

மென்பொருளை அப்புறம் பார்க்கலாம். இப்ப உங்க மீன் விலைப் பதிவு எப்படி இருக்கு? அநேகமா ஒரே பெட்டி, அதுக்குள்ள "வஞ்சிரம் பெரிசு கிலோ இவ்வளவு, சங்கரா இவ்வளவு"ன்னு வரிவரியா தடித்த எழுத்துல இருக்கும். அந்தப் பெட்டியை அப்படியே தூக்கி எந்த ஹெட்லெஸ் சிஎம்எஸ்ல வெச்சாலும் ஆறு இடத்துல ஒட்டுற வேலை குறையாது. டிவிக்கு அந்த எச்டிஎம்எல் ஆகாது. டெலிகிராமுக்கும் ஆகாது, அச்சுக்கும் ஆகாது.

ஒரு தாள் எடுத்து ஃபீல்டு ஃபீல்டா பிரிச்சு எழுதுங்க. மீன் (தனிப் பட்டியல்லேருந்து தேர்வு), அளவு (பெரிசு, நடுத்தரம், பொடி), அலகு (கிலோ, கூடை, பெட்டி), குறைஞ்ச விலை, கூடின விலை, ஏல இடம், எடுத்த நேரம், குறிப்பு. எட்டு ஃபீல்டு. விலை ரெண்டும் எண்ணாத்தான் இருக்கணும். "450-500" எழுத்தா உள்ள போச்சுன்னா, நாளைக்கு ஆப்ல "போன வாரத்தை விட கூடுதல்"னு காட்ட வழியே இல்லை.

மார்ச் 3, இரவு 10.15

ஹெட்லெஸ்னா தலையை, அதாவது வாசகர் பார்க்கிற தளப் பகுதியை, வெட்டுறதுன்னு அர்த்தம். வெட்டின தலையோட போறது எதெல்லாம்னு யாரும் சொல்றதில்லை: முன்னோட்டம், தளத்துக்குள்ள தேடல், பழைய முகவரியிலேருந்து புதுசுக்குத் திருப்பி விடுறது, தள வரைபடம், ஆர்எஸ்எஸ், வாட்ஸ்அப்ல இணைப்பைப் போட்டா வர்ற படமும் தலைப்பும். வேர்ட்பிரஸ் இதுல பாதியைச் சும்மாவே தருது, மீதிக்குச் செருகுநிரல் இருக்கு. ஹெட்லெஸ்ல ஒவ்வொண்ணும் உங்க கையாலதான்.

கடைசியில சொன்னதுதான் அடிக்கடி கவிழ்க்கும். தளத்தை முழுக்க பிரவுசர்ல ஓடுற ரியாக்டா கட்டிட்டா, வாட்ஸ்அப் எட்டிப் பார்க்கிறப்ப அதுக்குக் கிடைக்கிறது வெறும் கூடு. அது ஜாவாஸ்கிரிப்டை ஓட்டாது. முன்னோட்டப் படம் வராது, எல்லா இணைப்புக்கும் ஒரே பொதுத் தலைப்பு நிக்கும். தலைப்பு, விவரம், படம் இந்த மூணு மெட்டா குறியும் சர்வர்லேருந்தே வர்ற மாதிரி கட்டணும். நெக்ஸ்ட், ஆஸ்ட்ரோ, ஹியூகோ எதுல கட்டினாலும் இது முடியும்.

மார்ச் 4, காலை 6.20

ஸ்ட்ராபியைப் பத்தி நேராவே சொல்லிடறேன். நல்ல கருவி. நோட்ஜேஎஸ்ல ஓடும், தரவுத்தளத்துக்கு போஸ்ட்கிரெஸ் போதும். மாட்டுற இடங்கள்:

அட்மின் பக்கத்தை பில்டு பண்றப்ப 1 ஜிபி ரேம் சர்வர் மூச்சுத் திணறி நடுவுல செத்துடும். 2 ஜிபியாவது வேணும். இல்லைன்னா உங்க கணினியில பில்டு பண்ணி ஏத்துங்க.

ஏபிஐல கேட்டா தொடர்புள்ள பதிவுகள் தானா வராது. மீன் விலையைக் கேட்டா மீன் பேரும் இடமும் இல்லாம வெறும் விலை மட்டும் வரும். "பாப்புலேட்"னு தனியாக் கேட்கணும். அதுக்காக எல்லாத்துக்கும் நட்சத்திரம் போட்டு இழுக்காதீங்க, டிவிக்கு அவ்வளவு தேவையில்லை. ஒரு பக்கத்துக்கு இயல்பா 25 பதிவுதான் தரும். 26வது மீன் எங்கே போச்சுன்னு தேடுவீங்க.

பெரிய ஆபத்து ஃபீல்டு பேரை மாத்துறதுல இருக்கு. திட்ட வடிவம் (எந்தெந்த ஃபீல்டு இருக்குன்னு சொல்ற அமைப்பு) கோப்புல இருக்கு. அதுல "விலை"யை "குறைவிலை"ன்னு மாத்தி மறுபடி ஓட்டினா, அது பேர் மாற்றமா எடுத்துக்காது. பழைய நெடுவரிசையை அழிச்சுட்டு காலியா புதுசு போடும். ஒரு வருஷ விலை அப்படியே போயிடும். முதல்ல புது ஃபீல்டைச் சேருங்க, ஒரு ஸ்கிரிப்ட்ல தரவை நகர்த்துங்க, எண்ணிக்கை சரிபாருங்க, அதுக்கப்புறம்தான் பழசை எடுக்கணும்.

மார்ச் 4, மதியம் 1.05

"தமிழ் முகவரி வருமா"ன்னு கேட்டிருக்கீங்க. ஸ்ட்ராபியில முகவரிக்குன்னு இருக்கிற யுஐடி ஃபீல்டு ஆங்கில எழுத்து, எண், ஒரு சில குறிகளை மட்டும்தான் ஏத்துக்கும். தமிழ்த் தலைப்பு அதுல நிக்காது.

வேர்ட்பிரஸ்ல தமிழ் முகவரி வரும், ஆனா என்ன ஆகுதுன்னு கிட்டப் போய்ப் பாருங்க. ஸ்லக்குக்கு (முகவரியோட கடைசித் துண்டு) இடம் 200 பைட். ஒவ்வொரு தமிழ்க் குறியும் முகவரியில 9 எழுத்தா விரியும். "காசிமேடு" நம்ம கண்ணுக்கு நாலு எழுத்து. கணினிக்கு எட்டுக் குறி, முகவரியில 72 எழுத்து. இப்ப "காசிமேட்டில் மீன் வரத்து குறைவு"ன்னு தலைப்பு போடுங்க. முதல் மூணு சொல் 22 குறி, 198 எழுத்து, நடுவுல ரெண்டு இணைப்புக்கோடு. சரியா 200. "குறைவு" வெளியே நிக்கும். மறுநாள் "காசிமேட்டில் மீன் வரத்து அதிகரிப்பு"ன்னு போட்டா அதே ஸ்லக் வரும். ரெண்டையும் பிரிக்க கடைசியில 2 சேர்க்கணும், அதுக்கு இடம் பத்தாம வால்ல ஒரு குறியை வெட்டும். கிடைக்கிறது "காசிமேட்டில்-மீன்-வரத்த-2".

அதனால ஸ்லக்கைத் தலைப்புலேருந்து பிறப்பிக்காதீங்க. தேதி, இடக் குறியீடு, வரிசை எண். தலைப்பு எத்தனை தடவை மாறினாலும் முகவரி அசையக் கூடாது.

மார்ச் 5, இரவு 8.50

இடப்பெயர். ராயபுரம், இராயபுரம். தண்டையார்பேட்டை, தண்டையார்ப்பேட்டை. வண்ணாரப்பேட்டை, வாஷர்மேன்பேட்டை. மூணு பேர் மூணு விதமா அடிச்சா ஆப்ல "என் பகுதி" வடிகட்டி செத்துடும். இடத்துக்குத் தனிப் பட்டியல் வையுங்க: நிலையான எண், காட்டும் பெயர், மாற்றுப் பெயர்கள், மண்டலம், வார்டு. மண்டலத்தையும் வார்டையும் எழுத்தா அடிக்காம தொடர்பா வையுங்க. 15 மண்டல அமைப்புல 4 தண்டையார்பேட்டை, 5 ராயபுரம். எல்லை நாளைக்கு மாறினா ஒரு இடத்துல திருத்திக்கலாம்.

மாற்றுப் பெயர்ல மெட்ரோ நிலையப் பெயரும் சேரட்டும். 2021 பிப்ரவரி 14ல விம்கோ நகர் வரைக்கும் ரயில் ஓட ஆரம்பிச்சதிலேருந்து "தேரடி மெட்ரோ", "டோல்கேட் மெட்ரோ"ன்னு தேடுறவங்களும் இருப்பாங்க.

அப்புறம் கொருக்குப்பேட்டை. "கொ"வை ரெண்டு விதமா சேமிக்கலாம்: கொம்பும் காலும் ஒரே குறியா, இல்லை தனித்தனி ரெண்டு குறியா. பார்க்க ஒண்ணு, தேடினா வேற. பதிவு உள்ள வர்ற இடத்துல ஒரு தடவை, தேடல் சொல் வர்ற இடத்துல ஒரு தடவை, என்எஃப்சி வடிவத்துக்கு (யூனிகோடுல குறிகளைச் சேர்த்து ஒரே மாதிரி ஆக்குற முறை) மாத்தினா தீரும். ஔகாரம் மட்டும் இதுல தீராது. "ஔ"க்குப் பதிலா "ஒ"வும் "ள"வும் அடிச்சிருந்தா அது எழுத்துப் பிழை, கையாலதான் திருத்தணும்.

மார்ச் 7, காலை 5.35

நேரக் கணக்கு. உங்களுக்கு இது கட்டாயம் மாட்டும், ஏன்னா ஏலம் விடியறதுக்கு முந்தி. ஹெட்லெஸ் சிஎம்எஸ் பெரும்பாலும் நேரத்தை யூடிசியில (உலகப் பொது நேரம்) வைக்கும், நாம அஞ்சரை மணி நேரம் முந்தி. காலை 4.30க்கு ஏத்தின விலை யூடிசியில முந்தின நாள் இரவு 23.00. யாராவது ஆப்ல அந்த நேரத்தோட முதல் பத்து எழுத்தை வெட்டி "தேதி"ன்னு காட்டினா, இன்னைக்கு விலை நேத்து தேதியில நிக்கும். காலை 5.30க்கு மேல ஏத்தினா சரியா வரும். அதனாலதான் "சில நாள் மட்டும் தப்பு வருது"ன்னு புகார் வரும், மதியம் சோதிச்சுப் பார்த்தா தப்பே தெரியாது.

விலைப் பதிவுக்கு "ஏல நாள்"னு நேரமில்லாத தனித் தேதி ஃபீல்டு வையுங்க, இயல்பு மதிப்பை ஆசியா/கொல்கத்தா (இந்திய) நேரத்துல கணக்கிடுங்க. சர்வர்ல திட்டமிட்ட வேலை போட்டாலும் இதே கணக்குதான்: காலை 5.30க்கு ஓடணும்னா யூடிசியில 0.00.

மார்ச் 9, மாலை 6.30

டெலிகிராம். பாட் வழியா அனுப்பலாம், செய்திக்கு 4096 எழுத்து, படத்தோட குறிப்புக்கு 1024. எச்டிஎம்எல் ஏத்துக்கும்னு எழுதியிருக்கும், ஆனா தடிமன், சாய்வு, அடிக்கோடு, இணைப்பு, மேற்கோள் மாதிரி சிலது மட்டும். பத்திக் குறி, தலைப்புக் குறி, வரி முறிக்கிற குறி ஒண்ணு இருந்தாலும் முழுச் செய்தியையும் திருப்பி அனுப்பிடும். சிஎம்எஸ் தர்ற எச்டிஎம்எல்லை வடிகட்டி அனுப்பலாம்னு கிளம்பாதீங்க. ஃபீல்டுகள்லேருந்து டெலிகிராமுக்குன்னே ஒரு வார்ப்புரு எழுதுங்க. பத்து வரிக்கு மேல வராது.

வாட்ஸ்அப் சேனல்ல போட அதிகாரபூர்வ ஏபிஐ இல்லை. வேற வழியில போடுற கருவிகளை நம்பி எண்ணை இழக்காதீங்க. சிஎம்எஸ்லேயே "வாட்ஸ்அப் வாசகம்"னு தானா உருவாகுற ஒரு பெட்டி, பக்கத்துல நகலெடு பொத்தான். நட்சத்திரக் குறி போட்ட தடிமனோட தயாரா இருக்கும். ஆள் கை ஒரு தடவை படும், அவ்வளவுதான்.

எஸ்எம்எஸ் வேண்டாம்னே சொல்வேன். தமிழ்னா ஒரு செய்திக்கு 70 குறி. "காசிமேடு" ஒண்ணே எட்டைத் தின்னுடும். அதோட வார்ப்புருவை டிஎல்டியில (மொத்த எஸ்எம்எஸ்ஸுக்கான பதிவுத் தளம்) முன்கூட்டியே பதிவு பண்ணணும், அதோட நிலையான வாசகத்துல ஒரு சொல் மாறினாலும் போகாது.

மார்ச் 9, இரவு 11.10

மேல சொன்னதுக்கு ஒரு சேர்க்கை: 70ஐத் தாண்டி பல துண்டாப் போனா, துண்டுக்கு 67தான். மூணு குறி துண்டுகளை இணைக்கிற தகவலுக்குப் போயிடும்.

எழுத்தை வெட்டுற இடத்துலயும் கவனம். அறிவிப்புத் தலைப்பை "இத்தனை குறிக்கு மேல வெட்டு"ன்னு எழுதினா "எண்ணூர்" ரெண்டாவது குறியில "எண"ன்னு முடியும். புள்ளி அடுத்த பக்கம் போயிடுது. ஜாவாஸ்கிரிப்ட்ல Intl.Segmenter இருக்கு, எழுத்து எல்லையில வெட்டும். சொல் எல்லையில வெட்டினா இன்னும் நல்லது.

மார்ச் 12, காலை 10.00

வெப்ஹூக், அதாவது பதிவு மாறினதும் சிஎம்எஸ் உங்க சர்வருக்குத் தானா அனுப்புற அழைப்பு. "பப்ளிஷ் ஆனதும் வெப்ஹூக் அடிச்சு டெலிகிராமுக்கு அனுப்பு"ன்னு உங்களுக்குத் தனியா எழுதினது முழுசா சரியில்லை. பப்ளிஷ் பண்ணி, ஒரு எழுத்துப் பிழை பார்த்து, மறுபடி பப்ளிஷ் பண்ணா ரெண்டு செய்தி போகும். உங்க சர்வர் பதில் சொல்ல தாமதமாகி, அனுப்புற பக்கம் மறுபடி முயற்சி பண்ணா அப்பவும் ரெண்டு.

நடுவுல ஒரு அட்டவணை வேணும். பதிவு எண், சேனல், அனுப்பின பதிப்பு, வெளி எண் (டெலிகிராம் திருப்பித் தர்ற செய்தி எண்), நிலை. பதிவு எண்ணும் சேனலும் சேர்ந்து ஒரு தடவைதான் வரலாம்னு தரவுத்தளத்துலேயே கட்டுப்பாடு போடுங்க. வெப்ஹூக் வந்ததும் முதல்ல இந்த அட்டவணையில வரி போடணும், அப்புறம் அனுப்பணும். வரி ஏற்கெனவே இருந்தா புதுசா அனுப்பாம அந்தச் செய்தி எண்ணை வெச்சுத் திருத்தணும். அனுப்பினோம், ஆனா பதில் வரலைன்னா "சந்தேகம்"னு நிலை வையுங்க, தானா மறுபடி அனுப்ப விடாதீங்க. ஆள் பார்த்து முடிவு பண்ணட்டும்.

"ஒரு இடத்துல திருத்தினா அஞ்சு இடத்துல பழசு"ன்னு முதல் நாள் கேட்டீங்களே, அதுக்குப் பதில் இந்த அஞ்சு நெடுவரிசைதான். ஸ்ட்ராபி, டைரக்டஸ், சானிட்டின்னு எந்த ஹெட்லெஸ் சிஎம்எஸ்ஸை எடுத்தாலும் இதை நீங்கதான் கட்டணும்.

வெப்ஹூக் முகவரியை யாரும் அடிக்கலாம்கிறதையும் மறக்காதீங்க. ரகசியச் சொல்லோ கையொப்பமோ சரிபார்க்காம எதையும் அனுப்பாதீங்க.

மார்ச் 16, மாலை 4.45

டிவி. ராஸ்பெர்ரி பை 4 (கையடக்கக் கணினி), குரோமியம் முழுத்திரை, நிமிஷத்துக்கு ஒரு தடவை சர்வர்லேருந்து தரவை ஜேசனா இழுக்குது. சரி. மின்சாரம் போய் வந்தா? பை 4ல கடிகார பேட்டரி கிடையாது. இணையம் வர்ற வரைக்கும் அது கடைசியா சேமிச்ச நேரத்துலேயே நிக்கும். உங்க பக்கம் "முடியும் நேரம் தாண்டின அறிவிப்பை மறை"ன்னு கணக்குப் போட்டா, முடிஞ்சு போன தண்ணீர் நிறுத்த அறிவிப்பு இன்னும் நடக்குற மாதிரி காட்டும். ஜனம் குடத்தைத் தூக்கிட்டு லாரிக்கு நிக்கும்.

மூணு காரியம். கடைசியா வெற்றியா இழுத்த நேரத்தைத் திரை மூலையில பெரிசாக் காட்டுங்க. நேரத்தை சர்வர் பதிலோட ஹெடர்லேருந்து எடுங்க. இணையம் இல்லாம எழுந்தா, பழைய விலையை மங்கலாக்கி "விலை புதுப்பிக்கப்படவில்லை"ன்னு போடுங்க. பை 5ல கடிகாரச் சில்லு இருக்கு, ஆனா பேட்டரியைத் தனியா வாங்கி மாட்டணும்.

மார்ச் 16, மாலை 5.00

ஆப் உள்ள ஏபிஐ டோக்கன் (ஏபிஐயைத் திறக்கிற சாவி) வைக்காதீங்க. ஆப் கோப்பைப் பிரிச்சா தெரிஞ்சுடும். பொதுப் பயனருக்கு வெளியான பதிவைப் படிக்கிற உரிமை மட்டும். லாகின் பண்ணாத பிரவுசர்ல, வெளியிடாத டிராஃப்ட் பதிவுகளைக் கேட்டுப் பாருங்க. ஒரு பதிவு வந்தாலும் அனுமதி தப்பு.

மார்ச் 21, இரவு 9.15

கருவித் தேர்வைப் பத்தி என் எண்ணம் மாறியிருக்கு. மொதல்ல ஸ்ட்ராபியை வெச்சே பேசிட்டு வந்தேன். நீங்க அனுப்பின தாளைப் பார்த்தா கட்டுரை வாரத்துக்கு நாலு, மீன் விலை தினம் முப்பது வரி, அறிவிப்பு தினம் அஞ்சாறு. கட்டுரையை வேர்ட்பிரஸ்லேருந்து கிளப்பவே வேண்டாம். 2016 டிசம்பர்ல 4.7 வந்ததிலேருந்து பதிவுகளை ரெஸ்ட் ஏபிஐயில தர்ற வசதி அதுக்குள்ளேயே இருக்கு. ஆப் அங்கேருந்து எடுத்துக்கட்டும்.

விலை, அறிவிப்பு, இடம் மூணும்தான் ஃபீல்டா பிரியணும். இதுக்கு டைரக்டஸ் பொருந்தும். சாதாரண எஸ்க்யூஎல் அட்டவணைக்கு மேல உட்காரும், அட்டவணை உங்களுடையதாவே இருக்கும், ஃபீல்டு வாரியா அனுமதி தரலாம். உரிமம் 2023ல பதிப்பு 10லேருந்து மாறிடுச்சு; வருஷ வரவு 50 லட்சம் டாலருக்குள்ள இருக்கிற அமைப்புக்கு இலவசம்னு அப்ப வெச்சாங்க. உங்களுக்குக் கவலை இல்லை. அதோட திட்ட வடிவம் தரவுத்தளத்துக்குள்ள இருக்கு, ஸ்ட்ராபி மாதிரி கோப்புல இல்லை. அதனால வாராவாரம் ஸ்கீமா ஸ்னாப்ஷாட் (அந்தத் திட்ட வடிவத்தோட நகல்) எடுத்து, மாற்றங்களைப் பதிப்பு பதிப்பா சேமிக்கிற கிட்ல (Git) போடுங்க.

ரெண்டு அமைப்புன்னா ரெண்டு கடவுச்சொல், ரெண்டு பேக்கப். மூணு பேருக்கு அது சுமைதான். ஆனா விலை ஏத்துறவருக்கு வேர்ட்பிரஸ் பக்கமே வர வேண்டியதில்லை. கைபேசியில ஒரு படிவம், மீனைத் தேர்ந்தெடு, ரெண்டு எண், சேமி. ஏலக் கூடத்துல ஈரக் கையோட நின்னு அடிக்கிற ஆளுக்கு அந்தப் படிவம்தான் சிஎம்எஸ். பொத்தானைப் பெரிசா வையுங்க, எண் விசைப்பலகை தானா வரட்டும், நேத்து விலை மங்கலாப் பக்கத்துல தெரியட்டும். கை தவறி ஒரு சுழியம் கூடினா கண்ணுல படும்.

மார்ச் 24, காலை 7.00

அச்சுத் தாள். பழைய இதழ்கள் யூனிகோடு இல்லாத எழுத்துருவுல அடிச்சதுன்னா சிஎம்எஸ்ல ஏத்துறதுக்கு முந்தி மாத்தணும். எந்த எழுத்துருன்னு கோப்பு வாரியா குறிச்சுக்கோங்க. டாம் (TAM) எழுத்துருவுல அடிச்சதை டாப் (TAB) பட்டியல் வெச்சு மாத்தினா எழுத்து உருக்குலையும். ரெண்டும் 1999ல அரசு ஏத்துக்கிட்ட குறியாக்கம்தான், ஆனா அடுக்கு வேற.

புது இதழுக்கு இன்டிசைன்ல பத்தி அமைப்பை வேர்ல்ட்-ரெடி கம்போசருக்கு (World-Ready Composer) மாத்துங்க. இல்லைன்னா கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் நிக்கும். விலைப் பட்டியலை ஏபிஐலேருந்து டேப் பிரிச்ச கோப்பா எடுத்து உள்ள இழுத்தா தட்டச்சே வேண்டாம்.

ஏப்ரல் 11, இரவு 8.00

15ஆம் தேதியிலேருந்து மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகு போகாது, நாட்டுப்படகு மீன் மட்டும் வரும். விலைப் பட்டியல்ல பாதி வரி காலியாகும். காலியா இருக்கிற மீனுக்குப் பழைய விலையைக் காட்டுற மாதிரி ஆப் எழுதியிருந்தா, ரெண்டு மாசமும் வஞ்சிரம் ஏப்ரல் 14 விலையிலேயே நிக்கும். "இன்றைய ஏல நாள்ல பதிவு இருந்தால் மட்டும் காட்டு". இந்த ஒரு நிபந்தனை எல்லா சேனல்லயும் இருக்கான்னு திங்கட்கிழமைக்குள்ள பாருங்க.

தடைக்காலத்தை நிரல்ல எழுதி வைக்காதீங்க. "பருவம்"னு ஒரு பட்டியல்: பெயர், தொடக்க நாள், முடிவு நாள், திரையில வர்ற வாசகம். தேதியை அரசு மாத்தினா ஆப் புதுப்பிப்பு வெளியிடாமலே மாத்திக்கலாம்.

ஏப்ரல் 16, காலை 6.10

டிவியில பருவ வாசகம் 15ஆம் தேதி காலை 5.30க்குத்தான் வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. மார்ச் 7 குறிப்பை மறுபடி பாருங்க. "இன்று"ங்கிறதை டிவிப் பக்கம் யூடிசியில கணக்குப் போடுது. ஆப்ல திருத்தினீங்க, டிவி விட்டுப்போச்சு. இந்தக் கணக்கை ஒவ்வொரு திரையும் தனித்தனியா போட வேண்டாம். "இன்றைய நிலை"ன்னு ஏபிஐல ஒரே முகவரி வையுங்க, சர்வர் ஒரு தடவை கணக்குப் போட்டு எல்லாருக்கும் ஒரே பதிலைத் தரட்டும்.

ஜூன் 13, இரவு 9.30

நாளைக்கு நள்ளிரவோட தடை முடியுது. பருவ வாசகம் தேதிப்படி தானா போயிடும். ஆனா "தடை முடிந்தது, முழு விலைப் பட்டியல்"னு 15ஆம் தேதி காலையில தானா எதையும் கிளப்ப வேண்டாம். கடலுக்குப் போன அன்னைக்கே எல்லா விசைப்படகும் கரைக்கு வராது. படிவத்துல வஞ்சிரத்துக்கு விலை ஏறினா வரி வரும், ஏறலைன்னா வராது. நாளைக்கு ராத்திரி 11.55க்கு ஒரு தடவை, 12.05க்கு ஒரு தடவை "இன்றைய நிலை" முகவரியைத் திறந்து, ஏல நாள் 14லேருந்து 15க்கு மாறுதான்னு மட்டும் பார்த்துட்டு இங்க எழுதுங்க.